சாமிக்கு வந்த சாலமோன்

எருமப்பட்டி,
3.4.2025, வியாழன்

சேலம் வக்கீல் மணியன் அவர்களுக்கு,

எருமப்பட்டித் தோட்டத்திலிருந்து ராமாயி எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. மூன்று வருசத்துக்கு முன்னால் கருப்பனார் கோவிலில் சூடம் அணைத்து, இனி என் தம்பியோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். இன்றைக்கும் அதில்தான் நிற்கிறேன். கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் என் புருசன் மண்டையைத் தடியால் உடைத்தான் அடுத்த வேலிக்காரன் செந்தமிழன். அவனுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்தவன் கூடப் பிறந்த தம்பி. இதை நான் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை.

ஆனால் பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் பேச்சில் சேருமா, எழுத்தில் சேருமா என்று பூசாரியைக் கேட்டேன். அவருக்கும் பிடிபடவில்லை. எதற்கு வம்பு என்று காகிதத்திலேயே எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டத்து சௌமியா சேலத்துக் காலேஜுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். பதிலை அவளிடமே கொடுத்துவிடு.

விசயம் என் மகள் அறிவுச்செல்வியைப் பற்றியது. போலீஸ் வேலைக்குப் பரீட்சை, ஓட்டம், தாண்டுதல் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். ஊரில் அவள் பேரில் கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்க வருவது ஒன்றுதான் பாக்கி. இந்த நேரம் பார்த்து அவள் பேரில் ஆடு திருடினாள் என்று ஒரு புகார் வந்து விழுந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு செவலைக் கிடா தனியாக நம் தெருவுக்குள் நடந்து வந்தது. நெற்றியில் மஞ்சள், வலது காது கிழிசல். சாமிக்கு நேர்ந்து விட்ட கிடாவை எப்படி விடுவார்கள் என்று உனக்குத் தெரியும், நீயும் இந்த ஊரில் வளர்ந்தவன்தான். காதைக் கிழித்து, மஞ்சள் பூசி, கயிறில்லாமல் விடுவார்கள். யார் வாசலில் வந்து படுக்கிறதோ அந்த வீட்டார்தான் அதைப் பிடித்துக் கோவிலில் கட்ட வேண்டும். அந்தக் கிடா எல்லார் வாசலையும் தாண்டி வந்து நம் வாசலில் படுத்தது. வருகிற புதன்கிழமை கருப்பனாருக்குக் கிடா வெட்டும் நோம்பி. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போனது. "அறிவு, கயித்தப் போட்டுப் புடி சாமி" என்றேன். அவள் பிடித்து இழுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனாள். சௌமியா அதை வீடியோ எடுத்து, ஒரு பாட்டையும் சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டாள். அது எங்கெங்கோ சுற்றி மேச்சேரி வரைக்கும் போயிருக்கிறது.

மேச்சேரியில் செபஸ்தியான் என்று ஒரு ஆட்டுப் பண்ணைக்காரர். அது அவருடைய பொலிகிடாவாம். துறையூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் பெட்டை ஆடுகளோடு பொலிக்குச் சேர்க்க டெம்போவில் ஏற்றிப் போகும்போது, டீ குடிக்க நிறுத்திய இடத்தில் குதித்து ஓடிவிட்டதாம். வீடியோவில் அறிவு முகம் நன்றாகத் தெரிகிறது. அதைக் காட்டி இங்கே ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். ஏட்டு போன் பண்ணி, "பொண்ணக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு வாங்க" என்கிறார்.

கூப்பிட்டால் போயே ஆக வேண்டுமா? போனால் உள்ளே வைத்துவிடுவார்களா? கயிறு போடச் சொன்னது நான், என் பேரில் கேஸ் போடச் சொல்லலாமா? வீடியோ எடுத்தது தப்பா, அழித்துவிடச் சொல்லட்டுமா? எஃப்.ஐ.ஆர். போட்டால் அவள் வேலை போய்விடுமா? அவள் அப்பன் லாரியோடு குஜராத்தில் இருக்கிறார், அவருக்கு இன்னும் சொல்லவில்லை. அறிவு போனைப் பிடுங்கி அணைத்து அரிசி மூட்டைக்குள் போட்டிருக்கிறேன். பிள்ளை நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

ராமாயி

◆

சேலம்,
4.4.2025, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டு எழுதுகிறேன். சௌமியா உறையை நீட்டியதும் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். உள்ளே மூன்று வழக்கு காத்திருந்தது. ஜூனியரை அனுப்பிவிட்டு இங்கேயே உட்கார்ந்து படித்தேன். திட்டியாவது எழுதினீர்களே, அது போதும் எனக்கு.

முதலில் பயத்தை விடுங்கள். போனில் கூப்பிட்டார்கள் என்பதற்காக அறிவு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. சாட்சியாக விசாரிப்பதென்றால் பெண்களை வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பூசாரிக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டதால் அவருக்கும் அதுவே. குற்றம் செய்தவள் என்ற சந்தேகத்தில் கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அப்படி நோட்டீஸ் வந்தால் மட்டும் கட்டாயம் போக வேண்டும், நானும் கூட வருவேன். பொழுது இறங்கிய பிறகு பெண்ணைக் கைது செய்ய சாதாரணமாக முடியாது. ஏட்டு மறுபடி கூப்பிட்டால் மரியாதையாக, "புகார் ரசீது நம்பர் சொல்லுங்க, எங்க வக்கீல் பேசுவாருங்க" என்று சொல்லுங்கள். எங்க வக்கீல் என்று சொல்ல வாய் வரவில்லை என்றால் வெறும் வக்கீல் என்று சொன்னாலும் சரி.

வீடியோவை அழிக்கவே கூடாது. சாட்சியத்தை அழித்தால் அது தனிக் குற்றம். அது போக அந்த வீடியோ நமக்குத்தான் சாதகம். திருடுகிறவர்கள் பொழுதிருக்கவே நடுத் தெருவில் ஊரே பார்க்க ஆட்டை இழுத்துக்கொண்டு போவார்களா?

திருட்டு என்றால் நேர்மையில்லாத எண்ணம் வேண்டும். சாமி கிடா என்று நம்பிப் பிடித்தால் அது திருட்டு இல்லை. ஆனால் இது கோர்ட்டில் சொல்ல வேண்டிய வாதம். கோர்ட் வரை போனால் அறிவு வேலை அதற்குள் போய்விடும். பிறகு விடுதலை வாங்கினாலும், கேஸ் இருந்ததா என்று கேட்பார்கள். ஆகவே எஃப்.ஐ.ஆர். விழுவதற்கு முன்னால் முடிக்க வேண்டும். இந்த மாதிரிப் புகாரில் வழக்குப் பதிவதற்கு முன்னால், மேலதிகாரி அனுமதியோடு முதல்கட்ட விசாரணை நடத்தச் சட்டத்தில் இடம் உண்டு. அதைக் கேட்டு இன்றைக்கே மனு அனுப்புகிறேன்.

எல்லாம் எழுதினீர்கள், தலையான விசயத்தை எழுதவில்லை. அந்தக் கிடா இப்போது உயிரோடு இருக்கிறதா, இல்லை ஊரே தின்று ஏப்பம் விட்டுவிட்டதா? இதற்கு மட்டும் உடனே பதில் போடுங்கள். சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஒரே ஒரு சொல் எழுதினாலும் போதும்.

தம்பி,
மணியன்

◆

எருமப்பட்டி,
5.4.2025, சனி

மணியனுக்கு,

உயிரோடு இருக்கிறது. உயிரோடு என்றால் சாதாரணமாக இல்லை, மாப்பிள்ளை முறுக்கோடு இருக்கிறது. கோவில் வேப்பமரத்தடியில் கட்டியிருக்கிறோம். அகத்திக்கீரையைத் தவிர வேறு தழை கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

அன்றைக்கே தீர்த்தம் தெளித்துக் கேட்டார்கள். "கருப்பா, இந்தக் கெடாயை உனக்கு வெட்டட்டுமா, உத்தரவு குடு" என்று பூசாரி கேட்டு, தலையிலும் முதுகிலும் தண்ணீரைத் தெளித்தார். உடம்பை உதறித் துலுக்கினால்தானே சாமி உத்தரவு. அது துலுக்கவில்லை. ஒரு குடம் தண்ணீரை முழுசாக ஊற்றியும் கல்லு மாதிரி நின்றுகொண்டு பூசாரி வேட்டித் தலைப்பைச் சவைத்தது. திங்கட்கிழமையும் கேட்டார்கள், புதன்கிழமையும் கேட்டார்கள். தோளைக் கூட அசைக்கவில்லை. இப்படி ஒரு கிடாவை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

உடையவர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் நான் ஊர்ப் பெரியவர்களிடம் போய், "கொடுத்துரலாமுங்க" என்றேன். இந்த வருசம் நோம்பியை முன்னால் நின்று நடத்துவது யார் என்று நினைக்கிறாய்? உன் கட்சிக்காரன் செந்தமிழன்தான். "சாமி வாசல்ல கட்டுனது சாமியோடதுங்க. உத்தரவு இல்லாம வெட்டவும் முடியாது, உத்தரவு இல்லாம அவுக்கவும் முடியாது. நோம்பியன்னைக்கி கடைசியா ஒருக்கா கேப்போம். துலுக்குனா வெட்டு" என்கிறான். ஊரும் ஆமாம் போடுகிறது. இவள் பேச்சைக் கேட்டு அவிழ்த்துவிட்டு நாளைக்கு மழை பெய்யாவிட்டால் யார் பதில் சொல்வது என்று என்னையே கேட்கிறார்கள்.

ஏட்டிடம் நீ சொன்னபடியே சொன்னேன். உடனே குரல் மாறிவிட்டது, வாங்க போங்க என்கிறார். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் ஆடு உடையவர் கைக்குப் போகாவிட்டால் எஃப்.ஐ.ஆர். போடுவதைத் தவிர தனக்கு வழியில்லை என்றார். அவரும் பாவம், அவருக்கு மேலே ஆள் இருக்கிறது.

நீ வக்கீல் என்று தெரிந்துவிட்டதால் ஊரில் ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டுவருகிறார்கள். கோவிலில் கட்டியிருப்பதால் கருப்பனார் பேரில் கேஸ் போட முடியுமா என்று பூசாரி கேட்கச் சொன்னார். வெட்டினால் வெட்டினவனுக்கு மட்டும் தண்டனையா, கறி தின்றவர்களுக்கும் உண்டா என்று செந்தமிழன் பொண்டாட்டி கேட்டாள். அவளுக்காக இல்லை, எனக்கே தெரிய வேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

அறிவு இன்றைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ராமாயி

◆

சேலம்,
5.4.2025, சனி மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறது என்று படித்ததும் பஸ் ஸ்டாண்டிலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். சௌமியா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்குப் பஸ் கிளம்பப் போகிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

கருப்பனார் பேரில் கிரிமினல் கேஸ் போட முடியாது. பூசாரியிடம் சொல்லி நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். ஆனால் அவர் பேரில் போட முடியும்.

இதை மட்டும் நன்றாகக் கேளுங்கள். இதுவரை நடந்ததில் யாருக்கும் குற்றமில்லை. தெரியாமல் பிடித்தீர்கள், கட்டினீர்கள், அகத்திக்கீரை போட்டு வளர்த்தீர்கள். ஆனால் உடையவன் யார் என்று தெரிந்த பிறகு திருப்பித் தராமல் வைத்துக்கொண்டாலோ, வெட்டினாலோ அது குற்றம். வெட்டினவன், வெட்டச் சொன்னவன், தெரிந்தே துணை நின்றவன் எல்லாரும் உள்ளே வருவார்கள். தெரிந்தே கறி வாங்கினவனையும் விசாரிப்பார்கள். புகாரில் இருப்பதோ அறிவு ஒருத்தி பேர்தான். அந்தக் கிடாவின் கழுத்தில் கத்தி பட்டால், பட்ட இடம் அறிவின் வேலை. அதனால் எப்படியாவது அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

செந்தமிழனிடம் நான் பேசுகிறேன். வேண்டாம் என்று நீங்கள் எழுதுவதற்குள் பேசிவிடுவேன், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். அன்றைக்கு அவருக்கு நான் ஜாமீன் வாங்கியது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை அக்கா. மண்டையை உடைத்தவனுக்கும் ஒரு வக்கீல் வேண்டும். உங்களிடம் முதலில் வந்து சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேஸ் இன்னும் முடியவில்லை, அவர் இன்னும் ஜாமீனில்தான் வெளியே இருக்கிறார். அந்த ஜாமீனில் நிபந்தனை இருக்கிறது. இன்னொரு கேஸ் வந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

உங்கள் கிடா துலுக்காததை நினைத்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கோர்ட்டில் இப்படிப்பட்ட சாட்சிகள் வருவார்கள். எத்தனை தடவை கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். பெரும்பாலும் சாட்சி மேல் தப்பிருக்காது, நாம் கேட்கிற கேள்வி தப்பாக இருக்கும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. கொடுத்துவிடலாம் என்று ஊரில் சொன்னேன் என்கிறீர்கள். அந்த வரியை எழுதும்போது உங்கள் பேனா அழுத்தம் குறைந்திருக்கிறது. உங்களுக்கே மனசில்லையா? ஏன்?

தம்பி,
மணியன்

◆

எருமப்பட்டி,
7.4.2025, திங்கள்

மணியனுக்கு,

அட கெரகமே, நீ செந்தமிழனிடம் என்ன சொன்னாய்? சனிக்கிழமை பொழுதிறங்க நம் வாசலில் வந்து நின்றான். மூன்று வருசமாக வேலிக்கு அந்தப் பக்கம் காறித் துப்பினவன், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏனுங்கக்கா, உங்க தம்பி சொன்னாருங்க. கத்தி பட்டா மொத ஆளு நானாம். ஆனா ஊர மீறி என்னால அவுக்க முடியாதுங்க. நீங்களே ஒரு ரோசனை சொல்லுங்க" என்றான். உட்காரு என்று நான் சொல்லவில்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை. அறிவு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செபஸ்தியான் வந்தார். சர்ச்சில் பூசை முடித்து நேராக மேச்சேரியிலிருந்து டெம்போவில் வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, சண்டைக்கு வருகிற முகம். அறிவைப் பார்த்து, "நீதானா அந்தப் பொண்ணு?" என்றார் கறாராக. அவள், "ஆமாங்க, நாந்தானுங்க. வாங்க, காட்டறேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

தூரத்தில் வரும்போதே அவர், "டே சாலமோன்" என்று கூப்பிட்டார். அதுதான் அதன் பேராம். அத்தனை நாளாக யாரையும் சட்டை செய்யாமல் நின்ற கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு வருவது போல முட்டி மோதிக் கத்தியது. அந்த மனுசன் மண்டியிட்டு அதைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டார். அறிவும் அழுதாள். பெத்தவள் நான் ஒருத்திதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் மெதுவாகச் சொன்னார். நெற்றி மஞ்சள் சாமிக்குப் பூசியது இல்லை. இன்னொரு கிடாவோடு முட்டிக் காயம் பட்டிருக்கிறது, அதற்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பியிருக்கிறார். காது கிழிசலும் நேர்ந்து விட்டது இல்லை. இன்சூரன்ஸுக்கு மாட்டிய பிளாஸ்டிக் வில்லை கம்பியில் மாட்டிப் பிய்ந்துபோனதாம். "நாங்க சாமிக்கு கெடா வுடறவங்க இல்லீங்கம்மா. இது தவக்காலம் வேற, நான் கறியே தொடறதில்லீங்க" என்றார். அவரும் நம் பிள்ளை கதையைக் கேட்டார். போலீஸ் வேலை என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்கு ஆடு வந்தாப் போதும் தாயி, உன்ற பொழப்பக் கெடுத்து நான் என்ன பண்ணப் போறேன். ஆடு கையில வந்த நிமிசம் புகார வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். ஆனால் ஊர்க்காரர்கள் அவிழ்க்க விடவில்லை. அவர் கோவித்துக்கொண்டு போகவும் இல்லை. டெம்போவிலேயே படுத்து அதற்குக் காவல் இருக்கிறார். அறிவுதான் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். போன வருச நோம்பியில் கருப்பனாரிடம் ஒன்று வேண்டிக்கொண்டேன். "கோவத்துல உன் முன்னால சத்தியம் பண்ணிப்போட்டேன். அதைத் திருப்பி வாங்கிக்கோ, அடுத்த நோம்பிக்கு உனக்கொரு கெடா வெட்டறேன்" என்றேன். இந்த வருசம் கிடா வாங்கப் போகலாம் என்று நினைத்திருந்த நேரம், கேட்காமலே ஒன்று வந்து என் வாசலில் படுத்துக்கொண்டது. சாமியே அனுப்பிவிட்டது என்று நினைத்தேன். இப்போது அதைக் கொடுத்தால் சாமி அனுப்பியதை வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிறது. கொடுக்காவிட்டால் என் பிள்ளை பிழைப்புப் போகிறது. இதில் நான் எதைச் சொல்ல.

ஆனால் உன் கடிதத்தை நேற்றிலிருந்து எத்தனை தடவை படித்தேனோ. கேள்வி தப்பாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். இன்றைக்கு விடியும்போது திடீரென்று தோன்றியது. எல்லாரும் "வெட்டட்டுமா" என்றுதானே கேட்டார்கள். "அனுப்பட்டுமா" என்று ஒருத்தரும் கேட்கவில்லையே. ஓடிப்போய்ப் பூசாரியை எழுப்பிச் சொன்னேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "கேக்கலாம், கேக்கறதுல தப்பில்லை" என்றார். செந்தமிழன் முந்திக்கொண்டு ஊரைக் கூட்டிச் சம்மதம் வாங்கிவிட்டான். நாளைக்குக் காலையில் கேட்கிறோம்.

மணியா, இதற்கும் துலுக்காவிட்டால் என்ன செய்வது? சாயங்காலம் எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவார்கள்.

ராமாயி

◆

சேலம்,
7.4.2025, திங்கள் மாலை

அக்கா,

உங்கள் கடிதத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன். போன வருசமே வேண்டிக்கொண்டீர்களா? ஒரு வருசமாக நான் எருமப்பட்டி பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். நீங்கள் எனக்காகக் கிடா தேடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, சந்தோசமாகவும் இருக்கிறது.

கேள்வியை மாற்றிக் கேட்பது என்று கண்டுபிடித்தீர்களே, இத்தனை வருச அனுபவத்தில் எனக்கு அது தோன்றவில்லை. நீங்கள் மட்டும் சட்டம் படித்திருந்தால் நான் வேறு தொழில் பார்த்திருப்பேன்.

நாளைக் காலையில் நான் எருமப்பட்டிக்கு வருகிறேன். கோவிலுக்கு வர மாட்டேன். நான் எதிரில் வந்து நின்றால் நீங்கள் பேசவும் முடியாமல் பேசாமல் இருக்கவும் முடியாமல் தவிப்பீர்கள், ஊர் வேடிக்கை பார்க்கும். ஸ்டேஷன் வாசலில் நிற்கிறேன். செபஸ்தியான் கையெழுத்துப் போட வேண்டிய மனுவை எழுதி வைத்திருக்கிறேன். கிடா ஏறின டெம்போ நேராக அங்கே வரட்டும். அறிவும் கூட வரட்டும், பயமில்லாமல் வரச் சொல்லுங்கள்.

துலுக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். அப்போது முன்ஜாமீன் மனு போடுவேன், கட்டு என் பையில் தயாராக இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டைப் பிரிக்காமலே திரும்பி வர வேண்டும் என்று நானும் கருப்பனாரை வேண்டிக்கொண்டிருக்கிறேன். சாமியிடம் நான் மனுப் போட்டு வருசக்கணக்காகிறது. பழைய பழக்கத்தில் அவர் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன்.

தம்பி,
மணியன்

◆

எருமப்பட்டி,
8.4.2025, செவ்வாய்

தம்பிக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஸ்டேஷனில் நடந்ததை அறிவு வந்து மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். கோவிலில் நடந்ததை நான் சொல்கிறேன்.

ஊரே கூடிவிட்டது. சாலமோனை நடுவில் நிறுத்தினார்கள். பூசாரி தீர்த்தச் சொம்பை எடுத்து, "கருப்பா, உன் வாசல்ல வந்து நின்ன கெடா. உடையவர் வந்து கேக்கறாரு. அவரோட அனுப்பட்டுமா, உத்தரவு குடு சாமி" என்றார். தெளித்தார். ஒன்றுமில்லை. அப்படியே நிற்கிறது. "பாத்தீங்களா, சாமிக்கு அனுப்ப மனசில்ல" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அறிவு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது செபஸ்தியான், "ஒருக்கா தடவிக் குடுத்துக்கறேனுங்க" என்று பூசாரியிடம் கேட்டுவிட்டுக் கிட்டே போனார். அதன் கழுத்தை அணைத்துக் காதோரம் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் கை அதன் வலது காதுக்குள் போய் வந்ததை நான் பார்த்தேன். மற்றவர்கள் முதுகுப் பக்கம் நின்றார்கள், நான் மட்டும் நேர் எதிரில் நின்றேன். விரலிடுக்கில் வேப்பெண்ணெயில் ஊறிய ஒரு பஞ்சு உருண்டை இருந்தது. காதுப் புண்ணில் ஈ மொய்க்காமல் அவரே அடைத்து வைத்திருந்தது. அதை மடியில் செருகிக்கொண்டு நிமிர்ந்தபோது என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்துவிட்டது. மனுசன் வெலவெலத்துப் போனார். நான் பூசாரி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காதுக்குள் தண்ணீர் இறங்கினால்தானே ஆடு உடம்பை உதறும். பூசாரி தெளிப்பதும் ஊற்றுவதும் வலது காதுப் பக்கம்தான். இத்தனை நாளும் குடம் குடமாக ஊற்றியும் அது நின்றது பஞ்சால்தான். அந்தப் பஞ்சு மட்டும் இல்லாமலிருந்தால் முதல் நாளே துலுக்கியிருக்கும், அப்புறம் கத்தியிலிருந்து அதை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது.

பூசாரி மறுபடி சொம்பைத் தூக்கினார். அவர் வாய்விட்டு ஒரு கேள்வி கேட்டார். அதே நேரத்தில் நான் மனசுக்குள் இன்னொன்று கேட்டேன். "கருப்பா, கெடா வெட்டாமலே என்ற சத்தியத்தத் திருப்பி வாங்கிக்குவியா? என்ற தம்பியோட பேசட்டுமா?" என்று கேட்டேன். தண்ணீர் விழுந்தது. சாலமோன் மூக்கிலிருந்து வால் நுனி வரைக்கும் அப்படி ஒரு துலுக்குத் துலுக்கியது, முன்வரிசையில் நின்ற அத்தனை பேர் மேலும் தண்ணீர் தெறித்தது. என் முகத்திலும் தெறித்தது. ஊரே குலவை போட்டது. செந்தமிழன்தான் முதலில் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தான்.

இப்போது வக்கீலிடம் எனக்கு இரண்டு கேள்வி. செபஸ்தியான் பஞ்சை எடுத்தது குற்றமா? பார்த்துவிட்டு நான் சும்மா இருந்தது குற்றமா? இது ஒரு கேள்வி.

இன்னொன்று, நான் மனசுக்குள் கேட்டது செல்லுமா செல்லாதா? யாரிடமும் கேட்க முடியவில்லை. பூசாரியிடம் கேட்டால் பஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். நீ ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாய் என்று தெரிந்தும், அங்கே வராமல் தோட்டத்து வேலியோரம் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போன பஸ் என்னைத் தாண்டித்தான் போனது. கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. செல்லுமோ செல்லாதோ என்று விட்டுவிட்டேன். சீக்கிரம் பதில் எழுது சாமி.

அக்கா,
ராமாயி

◆

எருமப்பட்டி,
9.4.2025, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் பேரைப் பார்த்தீர்களா? இதை உங்கள் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று, வேலிக் கல்லில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். காலையில் சௌமியா உங்கள் கடிதத்தைக் கொடுத்தாள். அவள் வந்த பஸ் திரும்பும்போது அதிலேயே ஏறிவிட்டேன்.

முதலில் அறிவு விசயம். செபஸ்தியான் ஆட்டைப் பெற்றுக்கொண்டதாகவும், தவறாகப் புரிந்துகொண்டு புகார் கொடுத்ததாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வழக்குப் பதியாமலே மனு முடித்துவைக்கப்பட்டது, அதன் நகல் என்னிடம் இருக்கிறது. ஏட்டு அறிவிடம், "வேலையில சேந்ததும் ஆடு காணாமப் போன கேஸ்னா உங்கள்ட்டதான் அனுப்புவேன்" என்று சொல்லிச் சிரித்தார். அவள் அதற்கு சல்யூட் அடித்தாள். அரிசி மூட்டையிலிருந்து அவள் போனை வெளியே எடுத்துக் கொடுங்கள். அவள் அப்பாவுக்கும் இப்போது சொல்லலாம்.

இனி உங்கள் கேள்விகள். செபஸ்தியான் செய்தது எந்தப் பிரிவிலும் குற்றமில்லை. காது அவருடைய ஆட்டினுடையது, பஞ்சும் அவருடையது. அவர் அடைத்ததை அவரே எடுத்தார். பார்த்தவர் சும்மா இருந்ததும் குற்றமில்லை. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் சாட்சிக்குக் கிடையாது.

அடுத்தது அந்த மனசுக்குள் கேட்டது. இரண்டு மனுவை ஒன்றாக விசாரித்து ஒரே உத்தரவில் இரண்டையும் முடிப்பது கோர்ட்டில் தினமும் நடக்கிறது. கருப்பனாருக்கு இரண்டு கேள்வியும் காதில் விழுந்திருக்கிறது. ஒரே துலுக்கில் இரண்டுக்கும் உத்தரவு கொடுத்துவிட்டார். செல்லும். இதன் மேல் யாரும் அப்பீல் போக முடியாது.

செந்தமிழன் கேஸ் பற்றி நமக்குள் சண்டை பாக்கி இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. நேரில் போடலாம், குரல் உயர்த்திப் போடலாம்.

இந்தக் காகிதத்தை சௌமியாவிடம் கொடுக்கப் போவதில்லை. இதோ கதவைத் தட்டி உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். படித்து முடித்ததும் நிமிர்ந்து பாருங்கள், எதிரில்தான் நிற்பேன். ஏதாவது ஒரு வார்த்தை பேசுங்கள் அக்கா. திட்டினாலும் சரி.

தம்பி,
மணியன்